கறுப்புப் பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?

டமால்!

ஊர் எல்லையில், புளியமர நிழலில், வெள்ளைக் கோடும் இல்லாமல் எச்சரிக்கைப் பலகையும் இல்லாமல் ஒரு வேகத்தடை படுத்திருக்கிறது. காரில் அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். டிக்கியில் ஒரு மூட்டை அரிசி, ஒரு வாழைத்தார், கல்யாண வீட்டில் கொடுத்த தேங்காய்ப் பைகள். கடைசி நொடியில் அதைப் பார்த்த அப்பா பிரேக்கை ஓங்கி மிதிக்கிறார். முன்சக்கரம் ஏறி இறங்குகிறது. அடுத்த கணம் காலுக்குக் கீழே இரும்பு கத்துகிறது.

"என்னடா சத்தம்?" என்கிறார் பாட்டி.

"ஒண்ணுமில்லம்மா. அடி தட்டிருச்சு."

வண்டி நிற்கவே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் ஷெட்டில் தூக்கிப் பார்க்கிறார்கள். "லேசா நசுங்கியிருக்கு சார். தட்டி நிமித்தி அண்டர்பாடி கோட்டிங் அடிச்சுட்டா புது வண்டி மாதிரி ஆயிடும்." சாயங்காலம் வண்டி வீட்டுக்கு வருகிறது. அடியில் தார் பூசினாற்போல் கன்னங்கரேல் என்று பளபளக்கிறது. மெக்கானிக்குக்குக் காசு, அப்பாவுக்கு நிம்மதி. எல்லோருக்கும் திருப்தி.

அந்தத் திருப்திதான் ஆபத்து. அடி தட்டிய காரை அளந்து பார்க்காமல் கறுப்புப் பூச்சு அடிப்பதற்கு ரிப்பேர் என்று பெயர் கிடையாது. தடயத்தை அழிப்பது என்றுதான் பெயர். கொலை நடந்த வீட்டுக்கு போலீஸ் வரும் முன் வெள்ளையடிப்பது போல. (இங்கே கலர் மட்டும் கறுப்பு!)

சேஸிஸ் எங்கே இருக்கிறது?

"மேலோட்டமாத்தான் அடிபட்டிருக்கு, சேஸிஸுக்கு ஒண்ணும் ஆகல" என்று பட்டறைகளில் அடிக்கடி ஒரு தீர்ப்பு வழங்கப்படும். இதைக் கேட்டதும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். எந்த சேஸிஸ்?

லாரிக்கு சேஸிஸ் உண்டு. நீளவாக்கில் இரண்டு கனமான இரும்புச் சட்டங்கள், அவற்றின் மேல் தனியாக உட்காரும் பாடி. ஸ்கார்ப்பியோ, பொலேரோ போன்ற வண்டிகளும் அந்த வகைதான். ஆனால் சாலையில் ஓடும் சின்னக் கார்களுக்கும் செடான்களுக்கும் அப்படித் தனியாக ஒரு சேஸிஸ் கிடையாது. தரைத்தகடு, பக்கச் சட்டம், கூரை, தூண்கள் எல்லாவற்றையும் ஒன்றாக வெல்டிங் செய்து ஒரே கூடாக்கி விடுகிறார்கள். அதற்கு மோனோகாக் என்று பெயர். இதில் பாடிதான் சேஸிஸ், சேஸிஸ்தான் பாடி. "அந்தக் காலத்து இரும்பு" என்று பெருமை பேசப்படும் அம்பாசடருக்கே தனி சேஸிஸ் இல்லை என்றால் பலர் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை.

ஒரு காலி தீப்பெட்டியின் மேல்கூட்டை எடுத்துக்கொள்ளலாம். மெல்லிய அட்டைதான். ஆனாலும் நான்கு பக்கமும் மடிப்பு சரியாக இருக்கும்வரை விறைப்பாக நிற்கும். ஒரு மூலையை நகத்தால் மடக்கி விட்டு, மறுபடி நிமிர்த்திப் பாருங்கள். பார்வைக்குப் பழையபடிதான் இருக்கும். அழுத்தினால் முதலில் அந்த மூலைதான் மடங்கும்.

காரும் இப்படித்தான். தகடு மெல்லியது, பலம் அதன் வடிவத்தில் இருக்கிறது. எஞ்சினுக்கு இருபுறமும் பெட்டி போல் நீளும் முன்சட்டங்கள், கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் என்கிற பகுதி, சீட்டுக்கு அடியில் குறுக்கே போகும் கிராஸ் மெம்பர் ஆகிய எல்லாமே உள்ளே வெற்றிடமான பெட்டிகள். நேருக்கு நேர் மோதும்போது முன்சட்டங்கள் எங்கே, எந்த வரிசையில், எவ்வளவு மடங்கி அதிர்ச்சியை வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் கம்பெனி அவற்றைச் செய்கிறது. ஏர்பேக் எந்தக் கணத்தில் விரிய வேண்டும் என்பதும் அந்தக் கணக்கோடு சேர்ந்ததே. ஏற்கெனவே ஒருமுறை மடங்கி, சுத்தியலால் நிமிர்த்தப்பட்ட சட்டத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. அது தன் இஷ்டத்துக்கு மடங்கும்.

எல்லா அடியும் ஒன்றல்ல

இந்த இடத்தில் எதிர்முனைக்குப் போய் பயமுறுத்துகிறவர்களையும் சொல்லியாக வேண்டும். "சேஸிஸ் பெண்ட் ஆயிடுச்சு சார்" என்று ஒரே வரியில் பெரிய பில் போடும் சர்வீஸ் சென்டர்களும் இருக்கின்றன. அடி தட்டினாலே வண்டி போச்சு என்பது பொய். மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

முதல் வகை, நசுங்கினாலும் கட்டமைப்புக்குச் சம்பந்தமில்லாதவை. எஞ்சினுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டு, சைலன்சர் குழாய், அதன் மேலிருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு போன்றவை. கழற்றி மாற்றலாம். தரைத்தகட்டின் நடுவில், பெயிண்ட் உரியாமல் சின்னதாகக் குழி விழுந்திருந்தால் அதற்கும் தூக்கம் கெட வேண்டாம்.

இரண்டாம் வகை, கட்டமைப்பு இல்லை, ஆனால் அப்போதே வண்டியை நிறுத்த வேண்டியவை. ஆயில் சம்ப், பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், டேங்க். சம்ப் உடைந்து ஆயில் ஒழுக ஒழுக "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டினால் எஞ்சின் ஜாம் ஆகும். அடிபட்ட சம்ப்புக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்கலாம். அதற்குப் பிறகும் ஓட்டியதால் போன எஞ்சினுக்கு, தனியாக எஞ்சின் கவர் எடுக்காதவரை, சாதாரண பாலிசியில் கிடைக்காது. பின்விளைவு நஷ்டம் என்று சொல்லிக் கைவிரித்து விடுவார்கள்.

மூன்றாம் வகைதான் இந்தக் கட்டுரையின் விஷயம். முன்சட்டங்கள், சில், கிராஸ் மெம்பர், எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சப் ஃப்ரேம், லோயர் ஆர்ம் பொருத்தியிருக்கும் இடங்கள். இவற்றில் மடிப்போ கிழிசலோ விட்டுப்போன வெல்டிங்கோ இருந்தால் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது. அளக்க வேண்டும்.

சப் ஃப்ரேம் போல்ட் போட்டு மாட்டியிருந்தால் மாற்றுவது சுலபம். மற்றவை அப்படியல்ல. இப்போதைய கார்களில் பல இடங்களில் உயர்வலிமை எஃகு இருக்கிறது. அதை கேஸ் டார்ச்சால் பழுக்கக் காய்ச்சித் தட்டினால் நன்றாகவே நிமிரும். அதோடு அதன் வலிமையும் போய்விடும். அப்படிப்பட்ட பாகங்களை நிமிர்த்தக் கூடாது, வெட்டி எடுத்துப் புதிதாக வைக்க வேண்டும் என்று கம்பெனிகளின் பாடி ரிப்பேர் புத்தகங்களே சொல்கின்றன.

பூச்சு செய்யும் மூன்று பாவங்கள்

ஒன்று, துரு. தொழிற்சாலையில் தகட்டின் மேல் போட்ட பாதுகாப்புப் படலம், மடிந்த இடத்தில் விரிசல் விடும். இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் அடைத்திருக்கும் சீலரும் பிளக்கும். சேறும் ஈரமும் போகாமல், சுரண்டிச் சுத்தம் செய்யாமல் மேலே கனமான பூச்சை அடித்தால் தண்ணீர் உள்ளேயே சிறைப்படும். பெட்டிச் சட்டங்களில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகளையும் பூச்சு அடைத்து விடுவதுண்டு. வெளியே பளபளப்பு, உள்ளே அரிப்பு. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

இரண்டு, பொய். அடுத்து அந்த வண்டியைத் தூக்கிப் பார்க்கும் மெக்கானிக்குக்கு விரிசல் தெரியாது, மடிப்பு தெரியாது. நான்கு வருடம் கழித்து அந்தக் காரைச் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவருக்குச் சுத்தமாகவே தெரியாது. யாரோ ஒரு இளம் தம்பதி சேமிப்பைப் போட்டு வாங்கும் முதல் கார் அதுவாக இருக்கலாம். எட்டு வருடம் ஓடிய வண்டிக்கு அடியில் மட்டும் புத்தம் புதுக் கறுப்பு இருந்தால், "நல்லா மெயின்டெய்ன் பண்ணியிருக்காங்க" என்று மயங்குவதை விட, எதை மறைக்கிறார்கள் என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

மூன்று, விடுதலை. தடயம் போனால் குற்றவாளிக்கு விடுதலைதானே? இங்கே குற்றவாளி அந்த வேகத்தடை.

ஒரு சின்னக் கணக்கு

வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்தியாவில் அளவு இருக்கிறது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (கட்சி இல்லை, சாலைப் பொறியாளர்களின் அமைப்பு!) 1988-ல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 99 என்ற வழிகாட்டியில் அது தெளிவாக உண்டு. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கு 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு, 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை. மேலே கறுப்பு வெள்ளைப் பட்டைகள்.

இதன் அழகு பத்தாம் வகுப்பு வடிவியலிலேயே தெரியும். 2.45 மீட்டர் வீல்பேஸ் உள்ள ஒரு சின்னக் கார் இந்த வளைவின் நடுவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும். அப்போது இரண்டு அச்சுகளுக்கும் நடுவே மேடு எவ்வளவு உயர்ந்து நிற்கும்? 2.45-ஐ வர்க்கப்படுத்தி, 17-இன் எட்டு மடங்கால் வகுத்தால் விடை வரும். 4.4 செ.மீ. மட்டுமே! காலி வண்டியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 16 செ.மீ. என்றால் இன்னும் 11 செ.மீ.க்கு மேல் மிச்சம். ஐந்து பேர் ஏறி, வண்டி சில சென்டிமீட்டர் இறங்கினாலும் தட்டாது.

இப்போது அரை மீட்டர் அகலத்தில், 15 செ.மீ. உயரத்தில், ராத்திரியோடு ராத்திரியாக சிமெண்ட் கலந்து கட்டிய ஒரு மேடு. முன்சக்கரம் இறங்கிவிட்டது, பின்சக்கரம் இன்னும் ஏறவில்லை. முழு 15 செ.மீ.யும் வண்டியின் வயிற்றுக்குக் கீழே நிற்கிறது. 16-இல் 15 போனால் மிச்சம் 1 செ.மீ. பாட்டியும் அரிசி மூட்டையும் ஏறினால் அதுவும் இல்லை. இதில் ஓட்டுநர் எவ்வளவு மெதுவாகப் போனாலும் பயனில்லை. ஆமை வேகத்தில் போனாலும் உரசும்.

ஆக, தப்பு பாதி சாலையில் இருக்கிறது. விபத்து நடந்த ஊர்க்காரர்கள் கோபத்தில் கட்டிய மேடு என்றால் அந்தக் கோபம் நியாயமானதுதான். பிள்ளையைப் பறிகொடுத்த தெருவுக்கு வேகத்தடை வேண்டும். ஆனால் அளவோடு, பலகையோடு, பெயிண்டோடு வேண்டும். அதைச் செய்து தரவேண்டிய நிர்வாகம் செய்யாததால்தான் ஜல்லியும் சிமெண்டும் கொட்டப்படுகின்றன. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்புத் தரத்தை மீறிய பொறுப்பாளர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. எப்போது தெரியுமா? அதனால் உயிர் போனால், அல்லது ஊனம் ஏற்பட்டால். இரும்பு நசுங்கினால் அந்தப் பிரிவு வாய் திறக்காது.

சரி, இரும்பு நசுங்கியதற்காவது எங்கேயாவது பதிவு இருக்கிறதா? இல்லை. இன்ஷூரன்ஸில் சொல்லவில்லை, போட்டோ எடுக்கவில்லை, ஊராட்சியிலோ நெடுஞ்சாலைத் துறையிலோ மனு கொடுக்கவில்லை. பூச்சு அடித்தாகிவிட்டது. தினமும் எத்தனை வண்டியின் வயிற்றைக் கிழித்தாலும் அந்த மேடு ஆவணங்களின்படி நிரபராதி.

அரசாங்கம் எப்போது குனிந்து பார்க்கும்?

பதினைந்து வருடம் கழித்து! சொந்த உபயோகக் கார் பதிவான நாளிலிருந்து 15 வருடம் வரை தகுதிச் சான்றுக்குப் போக வேண்டியதில்லை. முதல் வருடத்துக்குப் பிறகு வருடாவருடம் புகைச் சோதனை மட்டும் உண்டு. புகை போகும் குழாயைப் பார்க்கிறார்கள். அந்தக் குழாயைத் தாங்கும் தரையைப் பார்ப்பதில்லை.

பிரிட்டனின் பெரும்பகுதியில் மூன்று வயதான கார் வருடந்தோறும் எம்.ஓ.டி. சோதனைக்குப் போக வேண்டும். சஸ்பென்ஷன், ஸ்டியரிங், சீட் பெல்ட் போன்றவை பொருத்தியிருக்கும் இடத்திலிருந்து 30 செ.மீ.க்குள் இரும்பு அரித்துப் பலமிழந்திருந்தால் ஃபெயில். அங்கே 2017 அக்டோபரிலிருந்து, கட்டமைப்பு அடிபட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி கழித்துக்கட்டும் வண்டிக்கு 'எஸ்' என்று முத்திரை. சரிசெய்து மறுபடி சாலைக்கு வந்தாலும் அந்த முத்திரை ஆவணத்தில் தொடரும். வாங்குகிறவருக்கு உண்மை தெரியும். இங்கே வாங்குகிறவருக்குத் தெரிவது கறுப்புப் பெயிண்ட்.

மின்சாரக் கார்கள் பெருகும்போது இந்த அலட்சியத்தின் விலை இன்னும் ஏறும். பெரும்பாலான மின்சாரக் கார்களில் பேட்டரி இருப்பதே தரைக்கு அடியில்தான். 2013 அக்டோபரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலும், அடுத்த மாதம் டென்னசியிலும் சாலையில் கிடந்த இரும்புப் பொருள் அடியில் மோதி டெஸ்லா மாடல் எஸ் கார்கள் தீப்பிடித்தன. ஓட்டியவர்கள் தப்பினார்கள். 2014 மார்ச்சில் அந்தக் கம்பெனி டைட்டானியக் கவசத்தை அடியில் சேர்த்தது. பேட்டரிப் பெட்டியில் அடிபட்டால் "லேசா நசுங்கியிருக்கு, தட்டிடலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

சாக்குகளும் பதில்களும்

"வண்டி நேராத்தானே ஓடுது?" — ஓடும். கட்டமைப்பின் பலம் தினசரி ஓட்டத்தில் தெரியாது. மோதும் நாளில்தான் தெரியும். அன்றைக்குத் தெரிந்து பயனில்லை.

"கிளெய்ம் பண்ணா நோ கிளெய்ம் போனஸ் போயிடும்." — உண்மைதான். 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறியது ஒரே கிளெய்மில் பூஜ்யமாகும். கட்டாயமாகக் கையிலிருந்து போடவேண்டிய 1,000 அல்லது 2,000 ரூபாயும் உண்டு. அதனால் சின்னச் சேதத்துக்குக் கிளெய்ம் செய்யாமல் இருப்பது தப்பில்லை. சேதம் சின்னதா பெரியதா என்று தெரியாமலேயே முடிவெடுப்பதுதான் தப்பு.

"ஸ்பிரிங்குக்கு நடுவுல ரப்பர் வச்சு உயரத்தைக் கூட்டிட்டேன்." — அந்த ரப்பர் ஸ்பிரிங்கின் இயல்பான அசைவைத் தடுக்கிறது. அடியை மேலே சஸ்பென்ஷன் பொருத்தியிருக்கும் இடத்துக்குக் கடத்துகிறது. தலைவலிக்குக் கழுத்தை இறுக்குவது போல.

என்னதான் செய்வது?

பெரிய வித்தை எதுவும் இல்லை. தட்டியதும் சமதளத்தில் நிறுத்தி, கீழே ஏதாவது ஒழுகுகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. ஒழுகினால் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை ஏற்றிக்கொண்டு போவதுதான் வழி. ஒழுகாவிட்டாலும் அந்த வாரத்துக்குள் லிஃப்டில் தூக்கி, கழுவிச் சுத்தம் செய்து, பல கோணங்களில் போட்டோ. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல், வேலையில் கை வைப்பதற்கு முன்பு.

அடுத்து வீல் அலைன்மெண்ட். வேலை முடிந்ததும் "ஓகே சார்" என்பார்கள். அது போதாது, அச்சடித்த தாளைக் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலான சின்னக் கார்களில் அங்கே திருப்பிச் சரிசெய்யக்கூடியது டோ என்ற அளவு மட்டும்தான். கேம்பர், காஸ்டர் அளவுகள் ஒரு பக்கம் மட்டும் வரம்பைத் தாண்டியிருந்தால் அங்கே ஏதோ வளைந்திருக்கிறது என்று அர்த்தம். அதோடு கதவு இடுக்குகள் இருபுறமும் ஒரே அளவா, கதவு புதிதாக உரசுகிறதா, கால் வைக்கும் கார்ப்பெட் நனைகிறதா, டயர் ஒரு ஓரமாகத் தேய்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

இவற்றில் ஒன்று தப்பினாலும் மூலைவிட்ட அளவு. காரின் அடியில் இதற்கென்றே துளைகள் இருக்கும். எதற்கும் எதற்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று கம்பெனி புத்தகத்தில் உண்டு. குறுக்கே இரண்டு மூலைவிட்டங்களை அளந்து ஒப்பிட்டால் கூடு கோணியிருக்கிறதா என்று தெரியும். ஜிக் பெஞ்ச் உள்ள பாடி ஷாப்பில் இது வழக்கமான வேலை. அளந்த பிறகு, மாற்ற வேண்டியதை மாற்றி, துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, சீலர் வைத்து, கடைசியில் கறுப்புப் பூச்சு தாராளமாக அடிக்கலாம். பூச்சு கெட்டதல்ல. அது கடைசியில் வரவேண்டியது, முதலிலேயே வந்துவிடுவதுதான் கெடுதல்.

தெரிந்தே மறைக்கும் பட்டறைக்கும் ஒரு வார்த்தை. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளரிடம் சொல்லவேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே சொல்கிறது. பில்லில் "அண்டர்பாடி கோட்டிங்" என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் இடத்தில், "அடிபட்ட இடம் எது, என்ன செய்தீர்கள்" என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்பது உரிமை.

பாட்டியின் கேள்விக்கு மறுபடி வரலாம். "என்னடா சத்தம்?" என்று அவர் சரியாகத்தான் கேட்டார். காரிலிருந்த ஐந்து பேரில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். "ஒண்ணுமில்லம்மா" என்பதற்குப் பதிலாக, "தெரியலம்மா, நிறுத்திப் பார்க்கிறேன்" என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

பி.கு: வேகத்தடை கண்ணில் பட்டதும் முன்கூட்டியே பிரேக் பிடித்து, முன்சக்கரம் ஏறும் முன் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே ஏறினால் வண்டியின் மூக்கு தாழும், தட்டும் வாய்ப்பு அதிகம். இன்னொன்று, பஞ்சர் போடும்போது ஜாக்கியை அதற்கென்று உள்ள இடத்தில் வைக்காமல் கண்ட இடத்தில் வைத்தாலும் சில் இதேபோல் நசுங்கும். அதற்கு வேகத்தடையே தேவையில்லை :)